ஹீரோவைத் தூக்கிவிட்டாலும் படம் ஓடுமா?

ஒற்றைச்சக்கரம்:
1981-இல் வந்த 'ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். சாகசப் படம் என்று பேச்சு வந்தாலே இதைத்தான் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறோம். கிளைமாக்ஸில் இண்டியானா ஜோன்ஸ் என்ன செய்கிறார்? கம்பத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார், இவரும் நாஜிக்களும் போட்டிபோட்டுத் தேடிய புனிதப் பேழையிலிருந்து கிளம்பும் சக்தியே நாஜிக்களைப் பொசுக்கிவிடுகிறது. இரண்டு மணி நேரம் உதைபட்டு, லாரிக்கு அடியில் புகுந்து இழுபட்டு வந்த மனுஷனுக்குக் கடைசியில் வேலையே இல்லை. ஹீரோ முடிவைத் தீர்மானிக்கவும் இல்லை, தானும் மாறவில்லை என்றால் அந்தத் திரைக்கதையில் ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். சண்டைக் காட்சிகள் அதை மறைத்துவிடுகின்றன.

மழைக்காகம்:
பாதிதான் சரி. நாஜிக்கள் தப்பான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டீர்களே. அவர்களிடம் இருந்தது பேழை இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் பதக்கத்தின் ஒரு பக்கம் மட்டும், அதுவும் பழுத்த உலோகத்தைப் பிடித்தவன் உள்ளங்கையில் பதிந்த தழும்பு. சரியான இடத்தைக் கண்டுபிடித்துப் பேழையை வெளியே எடுத்தது இண்டிதான்.

அப்புறம், மாறவில்லை என்கிறீர்களே, ஆரம்பத்தில் இந்த மாய மந்திரமெல்லாம் சும்மா என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் துப்பாக்கியைத் தூக்கிப் போடுகிற ஆள் அவர். நடுவில் பேழைக்கு நேராக ராக்கெட் லாஞ்சரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், வில்லன் பெலாக் "வெடித்துத்தான் பாரேன்" என்கிற மாதிரி உசுப்பேற்றுகிறான், இவரால் முடியவில்லை. அந்த இடத்தில் ஜெயிக்கிறது அவருக்குள் இருக்கும் தொல்பொருள் ஆய்வாளர். கடைசியில் அதே ஆள் கூடக் கட்டப்பட்டிருக்கும் கதாநாயகி மரியனிடம் பார்க்காதே, கண்ணை மூடு என்று கத்துகிறார். நம்பாதவன் நம்புகிறான், இதைவிட என்ன மாற்றம் வேண்டும்?

ஒற்றைச்சக்கரம்:
தோண்டின விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது உங்கள் கட்சிக்கு இன்னும் மோசம் பாஸ். இவர் போகாமல் இருந்திருந்தால் அவர்கள் பாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கொண்டு கிடந்திருப்பார்கள். எதிரிக்கு வழிகாட்டியிருக்கிறார் நம்ம ஹீரோ!

நாலாம்வரிசை:
ஹீரோ என்றால் மாறியே தீரணும் என்று யார் சொன்னது? புராண ஆய்வாளர் ஜோசப் கேம்பெல் 1949-இல் புராணங்களை ஒப்பிட்டு ஒரு பொது வடிவம் சொன்னார். அது திரைக்கதை எழுதக் கையேடு இல்லை. ஜார்ஜ் லூகாஸ் அவரைப் படித்து 'ஸ்டார் வார்ஸ்' (1977) எடுத்து அது ஓடினதும், அழைப்பு, மறுப்பு, குரு, குருவின் சாவு என்று ஆளாளுக்கு அச்சில் வார்க்க ஆரம்பித்தார்கள். தாடி வைத்த பெரியவர் நல்ல புத்தி சொன்னாலே முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று தெரிந்துவிடுகிறது.

எனக்குப் பிடித்தது நாட்டுப்புறவியல் ஆய்வாளர் விளாதிமிர் ப்ராப் சொன்னதுதான். 1928-இல் ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளைப் பிரித்துப் பார்த்து 31 செயல்கள், 7 பாத்திர வகைகள் என்று கணக்குப் போட்டார். அவருக்குப் பாத்திரம் என்பது ஆள் இல்லை, கதையில் அது செய்கிற வேலை. ஒரே ஆள் இரண்டு வேலை பார்க்கலாம், ஒரே வேலையை மூன்று பேரும் பார்க்கலாம். 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' (2015) பாருங்கள், பெயர் மேக்ஸுடையது, கதையை ஓட்டுகிறவள் கொடுங்கோலனின் கோட்டையிலிருந்து பெண்களைத் தப்பிக்கவைக்கும் ஃபியூரியோசா.

ஒற்றைச்சக்கரம்:
நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் சாதகம். மேக்ஸை அந்தக் கொடுங்கோலனின் ஆட்கள் வண்டி முகப்பில் கட்டித் தொங்கவிட்டு, ரத்தப்பை மாதிரி அவன் உடம்பிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள். கடைசியில் ஃபியூரியோசா சாகக் கிடக்கும்போது அதே மாதிரிக் குழாயை அவனே குத்தித் தன் ரத்தத்தைக் கொடுக்கிறான், அப்போதுதான் தன் பெயரையும் சொல்கிறான். பாதி வழியில் வண்டிகளைத் திருப்பிக் கோட்டைக்கே போவோம் என்று சொல்வதும் அவன்தான். முடிவையும் தீர்மானிக்கிறான், தானும் மாறுகிறான்.

நாலாம்வரிசை:
அட, கோல் போட்டுவிட்டீர்கள். சரி, ஆனாலும் அவனை மட்டும் ஹீரோ என்று சொல்ல மாட்டேன்.

கத்தரிப்பு:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். மாறாத ஹீரோவுக்கு ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'செவன் சாமுராய்' (1954) போதும், கொள்ளையரிடமிருந்து ஒரு கிராமத்து விவசாயிகளைக் காக்கும் ஏழு சாமுராய்களின் கதை. தலைவர் கம்பேய் அறிமுகமாகும் காட்சியில் திருடன் ஒருவன் குழந்தையைப் பிடித்துவைத்திருக்கிறான். இவர் ஆற்றோரம் உட்கார்ந்து குடுமியை மழித்துக்கொண்டு, சாமியார் வேஷத்தில் சோற்று உருண்டையோடு போகிறார். குடுமிதான் சாமுராயின் கௌரவம், முன்பின் தெரியாத குழந்தைக்காக அதை எடுத்துவிடுகிறார். கிராமத்தைக் காக்கும் முக்கியக் கதைக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் ஆள் யார் என்று முழுசாகத் தெரிந்துவிடுகிறது. படம் முடியும்வரை அவர் அதே ஆள்தான். ஏழு பேரில் நாலு பேர் செத்த பிறகு, இந்த முறையும் தோற்றோம், ஜெயித்தது விவசாயிகள்தான் என்கிறார். மொட்டைத் தலையில் முடி வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம்.

ஒற்றைச்சக்கரம்:
கம்பேய் மாறவில்லை, சரி. ஆனால் போர்த்திட்டம் முழுக்க அவருடையது. நான் கேட்டது இரண்டில் ஒன்றாவது இருக்கணும் என்றுதான், முதலில் எழுதியதைப் போய்ப் பாருங்கள்.

மழைக்காகம்:
பார்த்தேன். அப்படியானால் இண்டி கண்ணை மூடினது எந்தக் கணக்கில் வரும்? அதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒற்றைச்சக்கரம்:
அரை மாற்றம். அதற்குமேல் இறங்க மாட்டேன்.