கண் அமுக்கத்திற்கு மூலிகைக் குளிசை போதுமா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி):
என் அம்மாவுக்குக் குளுக்கோமா என்னும் கண் அமுக்க நோய் இருப்பதாகச் சொல்லி, இரவில் விடும்படி சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். விட்டதும் கண் சிவந்து எரிகிறது. விட்டாலும் விடாவிட்டாலும் பார்வையில் வித்தியாசம் தெரியவில்லை என்று அவர் சலித்துக்கொள்கிறார். இதற்கிடையில் கனடாவிலிருக்கும் மாமி கின்கோ என்னும் மரத்தின் இலைச் சாற்றில் செய்த மூலிகைக் குளிசைப் போத்தல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டால் சுகமாகும் என்று ஊரில் சொல்வோரும் உண்டு. சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு இவற்றைக் கொடுத்துப் பார்க்கலாமா? அம்மா இருதயத்துக்கு அஸ்பிரினும் எடுக்கிறார்.

பதில் (கல்லடி, ஓய்வுபெற்ற மருந்தாளர்):
மகள், சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம். கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரிவர வடியாமல் அமுக்கம் கூடும்போது பார்வை நரம்பின் இழைகள் சிறுகச் சிறுக அழிகின்றன. முதலில் ஓரப் பார்வை குறைந்து, நேர்ப் பார்வை நெடுங்காலம் தெளிவாகவே இருப்பதால் நோயாளிக்கு அது தெரிவதில்லை. அழிந்தது திரும்பி வராது என்பதால், மருந்து விட்டும் பார்வை கூடவில்லையே என்று அம்மா நினைப்பது இயல்புதான். எஞ்சிய பார்வையைக் காப்பதற்கே அந்த மருந்து.

கின்கோவைப் பற்றி 2003இல் இத்தாலியில் ஒரு சிறு ஆய்வு வெளிவந்தது. அமுக்கம் சாதாரண அளவில் இருந்தும் நரம்பு பாதிக்கப்பட்ட 27 பேருக்கு 40 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, நான்கு வாரம் கொடுத்தபோது பார்வைப் புலம் (கண்ணை அசைக்காமல் பார்க்கக்கூடிய பரப்பு) சற்று மேம்பட்டது. கண் அமுக்கம் குறையவில்லை. 2014இல் சீன நோயாளரிடம் செய்து பார்த்தபோது அந்த மேம்பாடும் கிடைக்கவில்லை. இதை நம்பிக் கண்ணைப் பணயம் வைக்கலாகாது. அஸ்பிரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவுக்கும் இடமுண்டு. போத்தலைத் திறக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

பதில் (அக்கரைப்பற்று):
என் வாப்பாவுக்கும் முதலில் கொடுத்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. சொன்னவுடன் வேறொன்று மாற்றித் தந்தார்கள். அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் டிமோலோல் வகைச் சொட்டு மருந்து மூச்சிழுப்பைக் கூட்டிவிடும். மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரமாக உள்ள கண்முனையை விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தால் அது மூக்கு வழியாக உடம்பில் சேர்வது குறையும்.

கேட்டவர்:
நன்றி ஐயா, நன்றி நானா. பூச்சாற்றைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே?

பதில் (கல்லடி):
நான் மூலிகைக்கு எதிரானவன் அல்லன். நெடுங்காலம் இந்நோய்க்கு விடப்பட்ட பைலோகார்பின், தென்னமெரிக்காவின் ஜபோரண்டி இலையிலிருந்து 1875இல் பிரித்தெடுக்கப்பட்டதுதான். ஆனால் அது சுத்திகரித்து, அளவு வரையறுத்து, கிருமி நீக்கி வந்த மருந்து. வீட்டில் பிழிந்த சாற்றுக்கு இவை எதுவும் இல்லை, கருவிழியில் புண் வந்தால் இன்னொரு நோயாகிவிடும். பெயர் தெரியாத கண் மருந்துகளையும் தவிர்த்துவிடுங்கள், ஸ்டீரொயிட் கலந்திருந்தால் அமுக்கம் இன்னும் ஏறும். எரிவைச் சொல்ல அடுத்த தவணை வரை காத்திராமல் கிளினிக் கொப்பியோடு இந்த வாரமே போய்வாருங்கள்.