வார இறுதியில் மட்டும் ஓடும் எம்எக்ஸ்-5: டைமிங் பெல்ட் மாற்றணுமா?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1997 மாஸ்டா எம்எக்ஸ்-5 கார், 1.8 லிட்டர் எஞ்சின். வருஷத்துக்கு 1,500 கி.மீ. தாண்டாது. ஆயிலும் ஃபில்டரும் வருஷா வருஷம். பிரேக் ஃப்ளூயிட் (டாட் 4) இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, வண்டி நின்றாலும் அது ஈரத்தை இழுக்கும். நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது வழக்கம். இல்லாவிட்டால் பின் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) இறுகிக்கொள்ளும்.

டைமிங் பெல்ட் (வால்வுகளை பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்கும் பட்டை) மாற்றி 12 வருஷம், ஓடியது வெறும் 18,000 கி.மீ. அறுந்தாலும் இந்த எஞ்சினில் வால்வு பிஸ்டனில் இடிக்காது, ஆனால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். மாற்றும்போதே வாட்டர் பம்ப், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் உருளை), கேம் ஆயில் சீல் (கேம் ஷாஃப்டில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) எல்லாம் சேர்த்துச் செய்வது நல்லதா?

டயரில் தேதி 3216, அதாவது 2016-இன் 32-ஆவது வாரம் செய்தது. தேய்மானமே இல்லை, பக்கச்சுவரில் மட்டும் மயிரிழை வெடிப்பு. 185/60 ஆர்14 அளவில் என்ன டயர் போடுகிறீர்கள்?