'புதிய பதிப்பு இல்லை' என்கிறது ரவுட்டர்: நம்பலாமா?

தூக்கணாங்குருவி கேட்கிறார்:
வீட்டு ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'புதுப்பிப்பைத் தேடு' என்பதை அழுத்தினால் 'புதிய பதிப்பு இல்லை' என்று வருகிறது. உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரின், அதாவது ரவுட்டரை இயக்கும் மென்பொருளின், தேதியோ 2018. கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணைத்துவிட்டேன். இணையம் தடங்கலின்றி ஓடும்போது பெட்டியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. இன்னும் என்ன ஆபத்து இருக்கிறது?

நீலமேகம்:
கடவுச்சொல்லை மாற்றியதே பெரிய காரியம். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர்கள் வைத்து அனுப்பிய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே அத்தனை கருவிகளையும் பிடித்தது. அவ்வப்போது ஒருமுறை அணைத்துப் போடுங்கள், போதும்.

கம்பிக்காரர்:
போதாது, நீலமேகம். மிராய் நினைவகத்தில் மட்டும் குடியிருந்ததால் அணைத்தால் போய்விடும். ஆனால் வந்த வழி திறந்திருந்தால் திரும்பி வரும். 2018இல் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரலின் முதல் பகுதியோ அணைத்துப் போட்டாலும் அழியாது. 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் அது புகுந்திருந்ததாக வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோவின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான டாலோஸ் அறிவித்தது.

தூக்கணாங்குருவி, வலையமைப்புப் பராமரிப்பில் காலம் தள்ளுகிறவன் நான். அந்த 'புதுப்பிப்பைத் தேடு' பொத்தானைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். எல்லாம் சரியாக இருந்தாலும் 'புதிய பதிப்பு இல்லை', தயாரிப்பாளர் கைகழுவிவிட்டாலும் அதே பதில்!

ஃபர்ம்வேரின் தேதியையும் நம்பாதீர்கள், தேதி புதிதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பகுதிகள் பழையவையாக இருக்கலாம். ரோம்பேஜர் என்று ஒரு சிறிய வெப் சர்வர், நிர்வாகப் பக்கத்தைக் காட்டுவதற்காக ஏராளமான ரவுட்டர்களுக்குள் இருப்பது. அதிலிருந்த பாதுகாப்பு ஓட்டையை, அந்த சர்வரை எழுதிய நிறுவனமே 2005இல் அடைத்துவிட்டது. 2014இல் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தேடியபோது, ஏறக்குறைய 1.2 கோடி கருவிகள் அதே ஓட்டையுடன் இணையத்தில் நின்றன. மென்பொருளை எழுதியவர், அதைச் சிப்புடன் சேர்த்துத் தந்தவர், பெட்டியைச் செய்தவர், அதை வீட்டுக்கு அனுப்பிய இணையச் சேவை நிறுவனம் என்று திருத்தம் நான்கு கை மாற வேண்டும். ஒருவர் அசட்டையாக இருந்தாலும் அது உங்களிடம் வந்து சேராது. அந்த ஓட்டை வழியே வருகிறவனுக்குக் கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை.

வெளி நிர்வாகத்தை அணைத்தது நல்லது. ஆனால் நீங்கள் திறக்கும் ஒரு மோசமான இணையப்பக்கம், உங்கள் பிரவுசரைக் கொண்டே உள்ளிருந்து ரவுட்டருக்குக் கட்டளை அனுப்ப முடியும். பெரும்பாலும் குறி டிஎன்எஸ் முகவரிதான், அதாவது தளத்தின் பெயரைக் கேட்டு அது இருக்கும் இடத்தைச் சொல்லும் சர்வரின் எண். அதை மாற்றிவிட்டால் நீங்கள் கேட்கும் தளம் ஒன்று, போய்ச் சேரும் தளம் வேறு. இன்றே அந்த எண்களைப் பாருங்கள். யுபிஎன்பி (வீட்டுக் கருவிகள் தாமாகவே ரவுட்டரில் வழி திறந்துகொள்ளும் வசதி), டபிள்யூபிஎஸ் (பொத்தானாலோ சிறு எண்ணாலோ வைஃபையில் சேரும் வசதி) இரண்டையும் அணையுங்கள். பிறகு தயாரிப்பாளரின் தளத்தில், ஆதரவு முடிந்த மாடல்களின் பட்டியலில் உங்களுடையது இருக்கிறதா என்று தேடுங்கள்.

தூக்கணாங்குருவி:
டிஎன்எஸ் சரியாக இருக்கிறது. பட்டியலில் மாடல் பெயரும் இருக்கிறது. 2021இலேயே ஆதரவு முடிந்துவிட்டதாம். தயாரிப்பாளரின் ஃபர்ம்வேருக்குப் பதில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பிழைக்க வைக்கலாமா?

கம்பிக்காரர்:
பெட்டியின் அடியில் வன்பொருள் பதிப்பு எண் இருக்கும். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிப்புக்குப் பதிப்பு சிப் மாறும், ஆகவே அந்த எண்ணைக் கொண்டே தேடுங்கள். ஃபர்ம்வேர் உட்காரும் ஃபிளாஷ் நினைவகம் 4 எம்பி என்றால் முயலவே வேண்டாம், இன்றைய பதிப்புகள் அதற்குள் அடங்குவதில்லை.

தூக்கணாங்குருவி:
4 எம்பிதான்.

கம்பிக்காரர்:
அப்படியானால் மாற்றிவிடுங்கள். புதியதில் வேக எண்ணை அப்புறம் பார்க்கலாம், பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டு வரை வரும் என்று எழுதியிருக்கிறதா என முதலில் பாருங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.