நோட் பிசகவில்லை, தாளம் தப்பவில்லை, ஆனாலும் ஃபங்க்காகக் கேட்கவில்லை. ஏன்?

எட்டாம்கட்டை:

வணக்கம். டிரம்ஸ், பேஸ், கிடார், கீபோர்டு என்று நாலு பேர் குழு. 1960களின் நடுவிலிருந்து 70களின் தொடக்கம் வரை, அந்தக் காலத்து அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல், ஃபங்க் பாடல்களை மட்டும் எடுத்துப் பழகுகிறோம். இப்போது கையில் இருப்பவை ஜேம்ஸ் பிரவுனின் ‘கோல்ட் ஸ்வெட்’, ‘ஃபங்கி டிரம்மர்’, மீட்டர்ஸின் ‘சிஸ்ஸி ஸ்ட்ரட்’, வில்சன் பிக்கெட்டின் ‘இன் த மிட்நைட் அவர்’.

நொட்டேஷன் பார்த்துத்தான் வாசிக்கிறோம். மெட்ரோனோம் (வேகத்தைத் தட்டிக்காட்டும் கருவி) கிளிக்கோடு ஒட்டித்தான் போகிறது. பதிவு செய்து கேட்டால் கல்யாண ரிசப்ஷன் கச்சேரி மாதிரி இருக்கிறது. தலை ஆடவில்லை. விவரம்: டெம்போ 108, பேஸில் புது ரவுண்ட்வவுண்ட் (சொரசொரப்பாகச் சுற்றிய) கம்பி, கிடார் ஆறு கம்பியையும் அடிக்கிறது, கீபோர்டு கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) பிடித்துக்கொண்டு நிற்கிறது.

மூன்று கேள்வி. எங்கே கோளாறு? ஒரே கார்டில் ஏழு நிமிடம் ஓடும் பாட்டில் கேட்பவர் எதைப் பிடித்துக்கொள்வது? பழைய மோடவுன் பேஸ் ஒலி கம்பியில் வருகிறதா, ஆம்ப்பில் வருகிறதா?

தகதிமி_16:

கோளாறு உங்கள் விவரத்திலேயே இருக்கிறது. நாலு பேரும் எல்லா இடத்தையும் நிரப்புகிறீர்கள்.

முதலில் தாளம். ராக், பாப் கேட்டுப் பழகிய காதுக்கு 2, 4 ஆகிய அடிகளில் விழும் ஸ்நேர்தான் (சுருக்கென்று ஒலிக்கும் சின்ன டிரம்) அழுத்தம். ஜேம்ஸ் பிரவுன் 1965 வாக்கில் அந்த அழுத்தத்தை முதல் அடிக்கு நகர்த்தினார். அவர்கள் அதை ‘த ஒன்’ என்பார்கள். நம் தாளத்தில் ஆவர்த்தம் தொடங்கும் ‘சமம்’ என்று சொன்னால் உடனே பிடிபடும். ஆனால் ஒரு வித்தியாசம்: சமத்தில் எல்லோரும் சேர்ந்து இறங்கவேண்டும், இறங்கியதும் உடனே ஒதுங்கவும் வேண்டும். ஆவர்த்தத்தைப் பதினாறாகப் பிரித்தால் மிச்சம் பதினைந்து இடத்தை ஒருவருக்கொருவர் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் இருக்கும் இடத்தில் இன்னொருவர் காலை வைத்தால் சேறுதான்.

‘ஃபங்கி டிரம்மர்’ 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிவானது, டிரம்ஸ் கிளைட் ஸ்டபுள்ஃபீல்டு. நாலு ‘தகதிமி’யாகப் பதினாறு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்): 1, 3, 11, 14. பலத்த ஸ்நேர்: 5, 13. கோஸ்ட் நோட்: 8, 10, 12, 16. ஹைஹேட் (ஜோடித் தாளத்தட்டு) பதினாறிலும், வலது கை ஒன்றாலேயே. இதைக் கட்டம் பார்த்து யாரும் அடித்துவிடலாம். தப்புவது கோஸ்ட் நோட்டில். அது ஸ்நேர் அடி அல்ல, குச்சியின் எடை தோலில் விழுந்து எழுவது. குச்சி நுனி தோலிலிருந்து மூன்று நாலு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக்கூடாது. 5, 13 மட்டும் முழங்கை உயரத்திலிருந்து வரட்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பள்ளம்தான் பாட்டை உருட்டுகிறது. பெரும்பாலானவர்கள் கோஸ்ட் நோட்டைப் பாதி பலத்தில் அடிக்கிறார்கள், ஆறு ஸ்நேர் அடி கேட்கிறது, உருளாமல் இடிக்கிறது.

‘கோல்ட் ஸ்வெட்’ (1967) வேறு வகை. முதல் ஆவர்த்தத்தில் நாலாம் அடியில் விழவேண்டிய ஸ்நேர் அரை அடி தள்ளி விழும். அந்த ஓட்டையை பேஸோ கீபோர்டோ நிரப்பினால் பாட்டே போச்சு.

டெம்போவை 100க்கு இறக்குங்கள். 108இல் வலது கை இறுகிவிடும், ஹைஹேட் பதினாறும் ஒரே பலமாகிவிடும். ‘சிஸ்ஸி ஸ்ட்ரட்’ இன்னும் கீழே, 90 பக்கம்.

பழகும் முறை: கிளிக்கை நாலு அடிக்கும் வைக்காதீர்கள். 100இல் வாசிப்பதென்றால் மெட்ரோனோமை 25இல் வைத்தால் ஆவர்த்தத்துக்கு ஒரு கிளிக், அது சமத்தில். பல செயலிகள் 30க்குக் கீழே இறங்காது. அப்படியானால் 50இல் வைத்து அதை 2, 4 என்று எண்ணுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் தடுமாறுவார்கள். யார் ஓடுகிறார், யார் இழுக்கிறார் என்று அப்போதுதான் தெரியும்.

நாலுகம்பி:

பேஸ் கேள்விக்கு: முதலில் கம்பி, அடுத்து கை, ஆம்ப் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. டெட்ராய்ட்டில் வெஸ்ட் கிராண்ட் புலவார்டு 2648ஆம் எண் வீட்டில் இருந்த மோடவுன் ஸ்டூடியோவில் பேஸை நேராக மிக்ஸிங் கன்சோலில் செருகித்தான் பதிவு செய்தார்கள். மோடவுனின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனிடம் இருந்தது 1962ஆம் வருட ஃபெண்டர் பிரிசிஷன். கனத்த லா பெல்லா ஃபிளாட்வவுண்ட் (தட்டையாகச் சுற்றிய) கம்பி, பிரிட்ஜ் (உடல்பக்கம் கம்பி ஊன்றும் இடம்) மூடிக்கு அடியில் நுரைத்துண்டு. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். கம்பியை மாற்றவே மாட்டார்.

அந்தக் கனத்த செட் (தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 52 முதல் 110 வரை) வாங்கவேண்டாம். இழுவிசை கூடி நெக் வளையும், நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராடைத் திருகவேண்டி வரும், நெக் முனையில் இருக்கும் நட்டின் பள்ளத்தில் கம்பி உட்காராது. 45–105 ஃபிளாட்வவுண்ட் போதும். நுரைக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் சொரசொரப்பான பச்சைப் பக்கத்தை உரித்தெறிந்துவிட்டு, ஒரு விரல் அகலத்தில் வெட்டி, பிரிட்ஜை ஒட்டிக் கம்பிக்கு அடியில் செருகுங்கள். கம்பியைத் தொட்டால் போதும், தூக்கக்கூடாது. தூக்கினால் ஸ்ருதி ஏறும். நோட் அரை வினாடிக்குள் அடங்கினால் அளவு சரி, ‘டப்’ என்று செத்தால் தடிமன் அதிகம். டோன் குமிழைப் பாதிக்குக் கீழே வையுங்கள்.

கம்பியை மாற்றியும் பழைய மாதிரியே இருந்தால், குற்றம் நோட்டை எங்கே தொடங்குகிறீர்கள் என்பதில் அல்ல, எங்கே முடிக்கிறீர்கள் என்பதில். நொட்டேஷனில் கால் நோட் என்று இருந்தால் முழுக் கால் நோட்டும் பிடிக்கிறீர்கள், அல்லவா? ஸ்நேர் விழும் கணத்தில் இடது விரலைத் தளர்த்திக் கம்பியை அடக்கிப் பாருங்கள். வேறு எதையும் மாற்றவேண்டாம்.

ஸ்லாப் (கம்பியைக் கட்டைவிரலால் அடித்து வாசிப்பது) இந்தப் பட்டியலில் எந்தப் பாட்டுக்கும் தேவையில்லை. அது பேஸ் கலைஞர் லாரி கிரஹாமின் வேலை. டிரம்மர் இல்லாமல் அம்மாவோடு வாசித்த நாட்களில், கட்டைவிரல் அடி கிக்குக்கும் விரலால் கம்பியைச் சுண்டுவது ஸ்நேருக்கும் பதிலாக வந்தவை. டிரம்மரை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் ஸ்லாப் அடித்தால் இரண்டு டிரம்ஸ் சண்டை போடும்.

கிடாரும் என் பக்கத்தில்தான் வருகிறது, சொல்லிவிடுகிறேன். ஈ நைன்த் கார்டு: ஐந்தாம் கம்பி 7ஆம் ஃபிரெட், நாலாம் கம்பி 6, மீதி மூன்றும் 7. அடிப்பது மேல் ஸ்தாயி மூன்று கம்பி மட்டும். வலது கை பதினாறும் நிற்காமல் மேலும் கீழும் ஆடட்டும். இடது கை அழுத்தினால் கார்டு, தளர்த்தினால் ‘சிக்’. ஆவர்த்தத்துக்கு இரண்டு மூன்று இடத்தில் அழுத்தினால் போதும். ஜேம்ஸ் பிரவுனிடம் 1965இல் சேர்ந்த ஜிம்மி நோலன் வளர்த்த முறை, கோழி கிளறும் ஓசையை வைத்து ‘சிக்கன் ஸ்கிராட்ச்’ என்று பேர். டிஸ்டார்ஷன் வேண்டாம்.

பழையதட்டு:

ஒரு திருத்தம். ‘மிட்நைட் அவர்’ பாட்டை இந்த வரிசையில் சேர்த்து ‘ஒன்’ என்று அழுத்தினால் கெட்டுப்போகும். அது மெம்ஃபிஸ் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் 1965இல் பதிவானது. டிரம்ஸ் அல் ஜாக்சன். 2, 4இல் ஸ்நேர் மயிரிழை பிந்தி விழும். தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் ‘ஜெர்க்’ என்ற அப்போதைய நடனத்தை ஸ்டூடியோவிலேயே ஆடிக்காட்டியதால் வந்த பிந்தல். சோல் என்றாலும் ஊருக்கு ஊர் அடி வேறு. மோடவுனில் பல பாட்டுக்கு நாலு அடியிலும் ஸ்நேர் உண்டு. சுப்ரீம்ஸின் ‘வேர் டிட் அவர் லவ் கோ’ (1964) பாட்டில் தடதடவென்று கேட்பது மரப்பலகைமேல் காலால் மிதித்த சத்தம். நியூ ஆர்லியன்ஸ் மீட்டர்ஸ் தெரு ஊர்வல அடியிலிருந்து வருபவர்கள். அவர்களின் பதினாறாம் நோட் நேராகவும் இருக்காது, முழு ஸ்விங்காகவும் இருக்காது. நாலையும் ஒரே கட்டத்தில் போட்டு வாசிப்பதுதான் ரிசப்ஷன் கச்சேரி.

எட்டாம்கட்டை:

நன்றி. கம்பியை அடக்குவதை மட்டும் செய்து பார்த்தோம். ‘சிஸ்ஸி ஸ்ட்ரட்’ உடனே மாறிவிட்டது, நம்பமுடியவில்லை. ‘மிட்நைட் அவர்’ இழுக்கிறது. ஸ்நேரைப் பிந்தச் சொன்னால் பாட்டே மெதுவாகிறது. டெமோவுக்குக் கம்ப்யூட்டரில் டிரம்ஸ் போடும்போதும் இதே தொல்லை.

தகதிமி_16:

பிந்தவேண்டியது ஸ்நேர் மட்டும். கிக்கும் ஹைஹேட்டும் கிளிக்கில் இருக்கவேண்டும். மூன்றும் சேர்ந்து பிந்தினால் அதற்குப் பேர் இழுவை.

கம்ப்யூட்டரில் எண்ணாகவே போடலாம். 100 டெம்போவில் ஒரு பதினாறாம் நோட் 150 மில்லிசெகண்ட். ஸ்டாக்ஸ் ஸ்நேரை 10இலிருந்து 20 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளிப் பாருங்கள். 30ஐத் தாண்டினால் தப்பு அடி மாதிரி கேட்கும். வெலாசிட்டி (அடியின் பலத்தைக் குறிக்கும் எண்) பலத்த ஸ்நேருக்கு 105–115, கோஸ்ட் நோட்டுக்கு 25–40. ஹைஹேட்டில் ‘த’, ‘தி’ கொஞ்சம் தூக்கலாக, ‘க’, ‘மி’ தணிவாக. குவான்டைஸ் (அடிகளைக் கட்டத்தில் இழுத்து நிறுத்தும் வசதி) நூறு சதவீதம் கொடுத்தால் இவ்வளவும் வீண். 50–60 சதவீதம் கொடுத்து காதால் சரிபாருங்கள். ஸ்நேர் சாம்பிள் ஒரே அடுக்காக இருந்தால் வெலாசிட்டி மாற்றி என்ன பயன், ஒலி குறையுமே தவிரக் குணம் மாறாது. அடுக்குள்ள சாம்பிள் தேடுங்கள்.

இந்தப் பிந்தல் அந்தக் காலத்தோடு முடியவில்லை. டெட்ராய்ட்டின் ஹிப்ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா டிரம் மெஷினில் குவான்டைஸை அணைத்துவிட்டுக் கையால் தட்டி அமைத்தார். டி’ஏஞ்சலோவின் ‘வூடூ’ ஆல்பம் (2000) அதே நடையில் மனிதர்கள் வாசித்தது. குவெஸ்ட்லவ் டிரம்ஸுக்குப் பின்னால் பீனோ பலடீனோவின் பேஸ் தள்ளாடி வரும். ஆனால் அதைக் கடைசியில் எடுங்கள். நேராக நிற்கத் தெரியாமல் தள்ளாடினால் விழத்தான் செய்வோம்.

பழையதட்டு:

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லையே. ஒரே கார்டு ஏழு நிமிடம் என்று நினைப்பது மெலடியைத் தேடும் காதின் பழக்கம். ‘கோல்ட் ஸ்வெட்’டில் டிரம்பெட், சாக்ஸஃபோன் எல்லாம் தாளக்கருவியாகத்தான் வாசிக்கின்றன. (அந்த ஊதல் வரிக்கு மைல்ஸ் டேவிஸின் ‘ஸோ வாட்’தான் மூலம் என்று அதை அமைத்த பீ வீ எல்லிஸே சொல்லியிருக்கிறார். ஜாஸ்காரர் மூளை ஃபங்க்கில் வேலை செய்த இடம்.) கார்டு மாறாமல் இருக்க இருக்க, பிரிட்ஜில் (பாட்டின் நடுவே வேறாக வரும் பகுதி) மாறும்போது அதற்குக் கிடைக்கும் எடையைக் கவனியுங்கள். ‘செக்ஸ் மெஷின்’ (1970) பாட்டில் பிரிட்ஜுக்குப் போகலாமா, போகலாமா என்று பேச்சிலேயே இழுத்தடித்துவிட்டு ஈ ஃபிளாட்டிலிருந்து ஏ ஃபிளாட்டுக்குத் தாவுவார்கள். மாற்றம் அவ்வளவுதான். பேஸ் வாசிக்கும் பூட்ஸி காலின்ஸுக்கு அப்போது பதினெட்டு வயது.

கேட்கும் முறை: ஹெட்ஃபோன் போடுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் பேஸின் அடிஸ்தாயி வரவே வராது, தாழ்ந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். ஒரே பாட்டை நாலு தடவை: ஒரு தடவை ஹைஹேட் மட்டும், அடுத்து பேஸ் மட்டும், பிறகு கிடார் எப்போது சும்மா இருக்கிறது என்று, கடைசியாக எல்லாம் சேர்த்து.

‘ஃபங்கி டிரம்மர்’ முழுப் பதிவு ஒன்பது நிமிடம் சொச்சம். 1986இல் வந்த ‘இன் த ஜங்கிள் க்ரூவ்’ தொகுப்பில் இருக்கிறது. அதில் டிரம்மருக்கு இடம் விடும்போது ஜேம்ஸ் பிரவுன் சோலோ வேண்டாம், இப்போது வாசிப்பதையே விடாமல் வாசி என்கிறார். அதனால்தான் அந்தச் சில ஆவர்த்தம் ஹிப்ஹாப்காரர்களுக்கு வெட்டி ஒட்ட இவ்வளவு வசதியாகப் போயிற்று. சோலோ அடித்திருந்தால் சுற்றிச் சுற்றி ஓடவிட முடியாது. பப்ளிக் எனிமி முதல் எல்எல் கூல் ஜே வரை எடுத்தார்கள். ஸ்டபுள்ஃபீல்டுக்கு ராயல்டி வரவில்லை, பாட்டெழுதியவர் இடத்தில் அவர் பெயர் இல்லை. வின்ஸ்டன்ஸின் ‘ஆமென் பிரதர்’ (1969) கதையும் அதேதான். கிரகரி கோல்மன் வாசித்த நாலே ஆவர்த்தம், சுமார் ஏழு வினாடி, அதன்மேல் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்று இங்கிலாந்தில் ஒரு இசையே எழும்பிவிட்டது.

டெமோவில் இந்த பிரேக் (டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் துண்டு) எதையாவது அப்படியே ஒட்டும் எண்ணம் இருந்தால்: அனுமதி இரண்டு வேண்டும், ஒன்று ஒலிப்பதிவின் உரிமையாளரிடம், ஒன்று பாட்டின் பதிப்புரிமை வைத்திருப்பவரிடம். அமெரிக்காவில் 1991இல், அனுமதியில்லாமல் பழைய பதிவை எடுத்த ராப் பாடகர் பிஸ் மார்க்கி வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு இதில் விளையாட்டில்லை. நீங்களே புதிதாக வாசித்துப் பதிவு செய்தால் முதலாவது தேவையில்லை, இரண்டாவது நிற்கும்.

நாலுகம்பி:

கீபோர்டை எல்லோரும் மறந்துவிட்டோம். இடது கையை மடியில் வைக்கச் சொல்லுங்கள், அது பேஸின் இடம். கிளாவினெட் (கம்பியைத் தட்டி ஒலிக்கும் மின்சாரக் கீபோர்டு) ஒலி இருந்தால் சஸ்டெய்ன் பெடலைக் கழற்றியே விடுங்கள். ‘சூப்பர்ஸ்டிஷன்’ (1972) பாட்டில் ஸ்டீவி வொண்டர் பல கிளாவினெட்டை அடுக்கிப் பதிவு செய்திருக்கிறார். ஒற்றைக் கையால் அது அத்தனையும் வாசிக்கப் பார்க்காமல் ஒரு வரியை மட்டும் எடுத்து, கிடார் அழுத்தாத இடங்களில் வையுங்கள்.