வீடு கூடுகிறது, ஆள் குறைகிறது: எங்கள் ஹட்டிக் கணக்கு எங்கே இடிக்கிறது?

தேயிலைக்காரன் (கேள்வி)

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படகர் ஊர், எங்களுடையது. குடிநீர்த் தொட்டியைப் பெரிதாக்கக் கேட்டு ஊர் சார்பில் மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், நானும் ஏமாந்துவிட்டேன். முதல் வரியே "எங்கள் ஊரில் இத்தனை குடும்பம், இத்தனை பேர்" என்று ஆரம்பிக்க வேண்டும். மூன்று நாளாக அந்த வரியிலேயே நிற்கிறேன்.

ரேஷன் கடையில் ஒரு எண் சொல்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் வேறொன்று. கோயில் வரி கட்டும் குடும்பக் கணக்கு மூன்றாவது. 2011 மக்கள்தொகைக் கணக்கு இது எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கிறது.

சரி, எங்கள் வரிசையையாவது நானே எண்ணலாம் என்று போனேன். 14 கதவு. ராத்திரி எட்டு மணிக்கு விளக்கு எரிவது 8. மீதியில் சிலது திருப்பூர், கோவை போனவர்களுடையது. கடைசி வீடு பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்கி, இடித்து, கண்ணாடி வைத்துக் கட்டியது. அங்கே யாரும் இல்லை.

மாவட்டக் கணக்கும் இதே கதைதான் சொல்கிறது. நீலகிரியில் 2001இல் 7,62,141 பேர், 2011இல் 7,35,394. மாநிலமே 15.6 சதவீதம் கூடியபோது நாங்கள் மட்டும் 3.51 சதவீதம் குறைந்திருக்கிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரிவதோ எங்கு பார்த்தாலும் புது வீடு, புது காட்டேஜ். மனுவில் எந்த எண்ணைப் போடுவது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் வாத்தியார் (பதில்)

தம்பி, 2010இல் வீட்டுக் கணக்கெடுப்பும் 2011இல் ஆள் கணக்கெடுப்பும் இரண்டுக்கும் போனவன் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன், பென்ஷன் வாங்கிக்கொண்டு முட்டைக்கோசு போடுகிறேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

நீங்கள் கதவை எண்ணுகிறீர்கள். கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் கதவும் இல்லை, ரேஷன் அட்டையும் இல்லை. அடுப்பு. ஒரே சமையலில் சாப்பிட்டு வழக்கமாகச் சேர்ந்து இருப்பவர்கள் ஒரு குடும்பம். சொந்தமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம்.

சொல்வதற்கு எளிது. எனக்கு ஒதுக்கிய பகுதியில் அண்ணன் தம்பி இருவர் இருந்த வீடு ஒன்று. முன் அறையில் கேஸ் அடுப்பு, பின்னால் விறகடுப்பு. இரண்டு மருமகளும் தனிச் சமையல். அம்மா நடுவில். "நீங்கள் எங்கே சாப்பிடுகிறீர்கள்?" என்றேன். அந்த அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "குழம்பு வாசனை வர்ற பக்கம்" என்றார். இரண்டு மருமகளும் கதவருகில் நிற்கிறார்கள், நான் பேனாவோடு நிற்கிறேன். கடைசியில் காலைக் கஞ்சி யார் வீட்டில், ராத்திரி படுக்கை எங்கே என்று கேட்டுப் பெரியவன் பக்கம் எழுதினேன். சின்ன மருமகள் அதன்பிறகு எனக்கு டீ கொடுக்கவில்லை.

இரண்டாவது விஷயம் காலம். 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை ஆள் எண்ணினோம். வழக்கமாக அங்கே இருப்பவர், அந்த நாட்களில் ஒரு நாளாவது இருந்திருக்க வேண்டும். முழுக்க வெளியே இருந்தவரை எழுதக் கூடாது, அவர் இருக்கும் இடத்தில் எழுதிக்கொள்வார்கள். உங்கள் ஊரில் ஹெத்தையம்மன் திருவிழா எப்போது? டிசம்பர் கடைசி, ஜனவரி. அப்போது வந்தால் ஒரு வீட்டில் பதினைந்து செருப்பு கிடக்கும். நாங்கள் போனது பிப்ரவரியில். ஒரு ஜோடி, இரண்டு ஜோடி.

ஆண் பெண் கணக்கைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். 2001இல் ஆண்கள் 3,78,351, 2011இல் 3,60,143. பெண்கள் 3,83,790இலிருந்து 3,75,251. குறைந்த 26,747 பேரில் 18,208 பேர் ஆண்கள். அதனால்தான் ஆயிரம் ஆணுக்கு 1,042 பெண் என்று வந்தது. மாநிலத்தில் அது 996. இங்கே பெண்கள் கூடிவிட்டார்கள் என்று ஒருவர் பட்டிமன்றத்தில் பேசினார், கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்களும் குறைந்துதான் போனார்கள், ஆண்கள் அதைவிட இரண்டு மடங்கு குறைந்தார்கள்.

இது எனக்கு வீட்டு வாசலிலேயே தெரிந்தது. குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் கணவர் பெயரைச் சொல்வார்கள். அவர் எங்கே என்றால் திருப்பூர். எப்போது வந்தார்? பொங்கலுக்கு. "அப்படியானால் அவரை எழுத முடியாதம்மா, உங்கள் பெயரைத் தலைவராக எழுதுகிறேன்" என்றால் முகம் மாறிவிடும். "அவர் உயிரோடு இருக்கும்போது என் பெயரா?" என்று ஒரு பெண் படிவத்தையே கையால் மறைத்துக்கொண்டார். அரை மணி நேரம் ஆனது அந்த ஒரு வீட்டுக்கு.

காரணம் உங்களுக்கே தெரியும். 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்தவனுக்கு உரத்துக்கும் கட்டவில்லை. பிள்ளைகள் கீழே இறங்கினார்கள். பத்தே ஆண்டில் திருப்பூர் மாவட்டப் பகுதி 29 சதவீதம் கூடி 24,79,052 ஆனதே, அதில் நம் ஆட்களும் உண்டு. பிள்ளை பெறுவதும் குறைந்தது. 2011இல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகள் 66,799, நூற்றுக்கு ஒன்பதுதான்.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. ஊட்டியிலும் குன்னூரிலும் விடுதிப் பள்ளிகள் நிறைய. பிப்ரவரியில் அந்தப் பிள்ளைகள் விடுதியில் இருப்பார்கள், இங்கேதான் எண்ணப்படுவார்கள். வெலிங்டன் ராணுவ மையத்துச் சிப்பாய்களும் இங்கேதான். அவர்களையெல்லாம் கழித்துப் பார்த்தால் ஊர்க்காரன் எண்ணிக்கை இன்னும் இறங்கும்.

பந்தலூர் பேத்தி (பதில்)

வாத்தியார் சொன்னது சரி, ஆனால் நீலகிரி என்றால் கோத்தகிரியும் குன்னூரும் மட்டும் இல்லையே சார். எங்கள் பக்கம் வேறு கதை.

என் பாட்டி இலங்கையிலிருந்து வந்தவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அங்கிருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அதில் ஒரு பங்கு இந்த மலைக்கு வந்தது. ஒரு காலத்தில் ஆள் வந்து சேர்ந்துகொண்டே இருந்த இடம் இது. பாட்டி கடைசிவரை "லயம்" என்றுதான் சொன்னார், இங்கே எல்லோரும் லைன் வீடு என்பார்கள், எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் வரிசை வீடு. லைன் வீட்டில் வேலை இருக்கும்வரைதான் கூரை. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். கீழே கோயம்புத்தூரில் மகன் மில்லில் இருந்தால் அங்கே போய்விடுவார்கள். எங்கள் லைனில் பத்து வீட்டில் மூன்று இப்படித்தான் காலியானது.

காலியான வீட்டில் இப்போது ஜார்க்கண்ட் பையன்கள். ஒரு வீட்டில் நான்கு பேர், சொந்தம் எதுவும் இல்லை, முறை வைத்துச் சமைக்கிறார்கள். வாத்தியார் சொன்ன அடுப்புக் கணக்குப்படி அவர்கள் ஒரு குடும்பம்தானே? ரேஷன் அட்டைக் கணக்கில் அவர்கள் பூஜ்யம். எங்கள் லைனில் தண்ணீர் வண்டி வந்தால் முதல் குடம் அவர்களுடையதுதான், வேகமாக ஓடுவார்கள்.

அப்புறம் ரேஷன் அட்டையை நம்பி மனு எழுத வேண்டாம் அண்ணா. கல்யாணம் ஆனதும் தனி அட்டை கேட்பது பழைய வழக்கம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்த பிறகு, அட்டைக்கு ஒரு பெண்ணுக்குத்தான் என்பதால், மாமியாரும் மருமகளும் திடீரென்று தனிச் சமையல் ஆகிவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும் அண்ணி ஒரு ஸ்டவ்வைக் கடன் வாங்கி வந்து வைத்தார். ஆய்வாளர் போனதும் அது திரும்பிப் போய்விட்டது.

அவிநாசி ரோடு (பதில்)

நான் அந்தப் பூட்டிய கதவுக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒருவன். கோவையில் பதினாறு வருடம். ரேஷன் அட்டை இன்னும் மலையில், ஓட்டும் அங்கே, அப்பா கட்டிய வீடும் அங்கே. வருடத்துக்கு ஒரு முறை ஹெத்தையம்மனுக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருகிறேன். 2027 கணக்கெடுப்பில் நாமே மொபைலில் பதியலாமாமே, அப்போது என் பெயரை ஊரில் போட்டுக்கொள்ள வழி இருக்கிறதா? ஊருக்கு ஒரு தலை கூடட்டுமே.

குன்னூர் வாத்தியார் (பதில்)

வழி இல்லை தம்பி. மொபைலில் பதிந்தாலும் விதி அதுதான், எங்கே வழக்கமாக இருக்கிறீர்களோ அங்கே. 2027இல் கணக்கு நிற்கும் நேரம் மார்ச் 1. அதற்கு முந்தைய நாட்களில் நீங்கள் அவிநாசி ரோட்டில்தான் இருப்பீர்கள். இரண்டு இடத்திலும் பதிந்தால் இரண்டு ஊர்க் கணக்கும் கெடும். உங்கள் வீட்டைப் பூட்டிய வீடு என்று எழுதுவார்களா, காலி வீடு என்று எழுதுவார்களா என்பது பக்கத்து வீட்டுக்காரர் வாயில் இருக்கிறது. "ஊருக்குப் போயிருக்காங்க" என்றால் ஒன்று, "அவங்க கோவையிலேயே செட்டில்" என்றால் இன்னொன்று.

தேயிலைக்காரருக்கு: மாவட்டச் சராசரி கேட்டால் சொல்ல வசதியாக வைத்துக்கொள்ளுங்கள். 2011இல் 1,97,653 குடும்பம், குடும்பத்துக்கு 3.7 பேர். ஆனால் உங்கள் ஹட்டிக்கு அதைப் பெருக்கிப் போடாதீர்கள், பொய்யாகிவிடும். நீங்களே அடுப்பு அடுப்பாக எண்ணுங்கள். கிராமக் குடிநீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது கணக்கு. சாதாரண நாளில் இத்தனை பேர், திருவிழா வாரத்தில் இத்தனை பேர் என்று இரண்டு வரியாக எழுதுங்கள். இன்ஜினீயர் பாஷையில் அதற்கு மதிப்பு உண்டு.

தேயிலைக்காரன் (கேள்வி கேட்டவர்)

எண்ணி முடித்தேன். வாத்தியார் சார், நீங்கள் சொன்னபடி விளக்கை விட்டுவிட்டு அடுப்பைப் பிடித்தேன். விளக்கு எரிந்த 8 வீட்டில் 9 அடுப்பு. எங்கள் சித்தப்பா வீட்டில் இரண்டு சமையல் நடப்பது எனக்கே தெரியாது, வாசல் ஒன்றுதான். 24 பேர். அதில் அறுபது தாண்டியவர்கள் 11.

அந்தப் பெங்களூர்க்காரர் வீட்டையும் எதற்கும் பார்க்கலாம் என்று நேற்று மாலை மேலே ஏறினேன். முன்பக்கம் இருட்டு. பின்னால் போனால் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பெண் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தார். காவலுக்கு இருக்கிறார்களாம், புருஷன் பெண்டாட்டி, ஒரு சின்னப் பையன், அசாம் பக்கம். மூன்று வருடமாக இருக்கிறார்களாம். பையன் எங்கள் ஊர்ப் பள்ளியில் முதல் வகுப்பு, என் பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது. யாரும் இல்லை என்று இங்கே மேலே எழுதியது நான்தான்.

ஆக 14 கதவு, 10 அடுப்பு, 27 பேர். மீதி வரிசைகளை இந்த வாரம் எண்ண வேண்டும், மூன்று பையன்களைச் சேர்த்திருக்கிறேன். அவிநாசி ரோடு அண்ணா, உங்களை இரண்டாவது வரியில் போட்டுக்கொள்கிறேன், திருவிழா வாரத்தில்.