ஹட்டன் தோட்டத்தில் ஐந்து நாள் ஊழியம் முடித்து வந்தேன், ஒரு பிள்ளையிடம் சொன்ன வார்த்தை உறுத்துகிறது

கொட்டாஞ்சேனைக்காரி:
ஓகஸ்ட் லீவில் எங்கள் சபையிலிருந்து 14 பேர் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தினோம். காலையில் பாட்டு, கதை, மனன வசனம், பின்னேரம் விளையாட்டு, கொஞ்சம் ஆங்கிலம். அறுபது பிள்ளைகளுக்கு மேல் வந்தார்கள், கடைசி நாள் அம்மாமாரும் பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு நேராக வந்து பின்னால் நின்றார்கள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வான் புறப்படும்போது ஏழு வயதுப் பிள்ளை ஒன்று என் கையை விடாமல் "அக்கா, திரும்ப எப்ப வருவீங்க" என்று கேட்டது, நானும் யோசிக்காமல் கிறிஸ்மஸுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கிறிஸ்மஸுக்கு லீவே கிடையாது, கடையில் வேலை. போன ஞாயிறு சபையில் படங்களைப் போட்டுக் காட்டிச் சாட்சி சொல்லச் சொன்னார்கள், எல்லாரும் கைதட்டினார்கள், எனக்கு என்னவோ களவெடுத்த மாதிரி இருந்தது. அடுத்த வருடம் போவதா, விடுவதா?

லயத்துப் பையன்:
தங்கச்சி, நான் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் ஒருவன், தலவாக்கலைப் பக்கம், இப்போது வத்தளையில் இருக்கிறேன். எங்களுக்கும் வருடாவருடம் கொழும்பிலிருந்து குழு வரும். பலூன், டொஃபி எல்லாம் மறந்துவிட்டது. ஒரு அண்ணன் ஆங்கில அகராதி அனுப்புவதாகச் சொன்னது மட்டும் மறக்கவில்லை. லயத்துக்கு, அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, தனி விலாசம் இல்லை, தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், நான் ஸ்கூல் விட்டதும் அங்கே போய் நின்று கேட்பேன், கிளாக்கரையாவுக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு. ஒரு தவணை முழுக்கப் போனேன், அகராதி வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை, உங்களைப் போல வான் ஏறும்போது வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார். போவதை நிறுத்தச் சொல்லமாட்டேன், அந்த ஐந்து நாளும் எங்களுக்குப் பெருநாள் மாதிரி. ஆனால் பிள்ளைகளிடம் மாதம், தேதி சொல்லாதீர்கள், அவர்கள் எண்ணிக்கொண்டு இருப்பார்கள். இன்னொன்று, அங்கே ஞாயிறு பாடசாலை எடுக்கும் டீச்சர் யார் என்று கேட்டீர்களா? எங்கள் டீச்சரைக் குழு வந்த நாட்களில் தேத்தண்ணி ஊற்றத்தான் விடுவார்கள்.

மட்டக்களப்பு அன்ரி:
2004 சுனாமிக்குப் பிறகு இங்கே ஒரு சிறுவர் இல்லத்தில் இரண்டு வருடம் வேலை செய்தவள் நான். வெள்ளைக்காரர், கொழும்புக்காரர் என்று கிழமைக்கு ஒரு குழு வரும். மூன்று வயதுப் பிள்ளை முன்பின் தெரியாதவர் மடியில் ஏறி உட்காரும், வந்தவர்கள் "எவ்வளவு பாசம்" என்று கண் கலங்குவார்கள். அது பாசம் இல்லை மகள், ஆள் மாறி மாறிப் போய், யாரோடு ஒட்டுவது என்றே தெரியாமல் போன பிள்ளை அப்படித்தான் செய்யும். அங்கே பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள், வறுமையில் கொண்டுவந்து விட்டவர்கள். இல்லங்களுக்கு இப்படிச் சுற்றுலா போலவும் தொண்டு போலவும் போவதால் பிள்ளைகளுக்கு வரும் கேட்டை 2019இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்திலேயே எழுதிவிட்டார்கள். நீங்கள் பார்த்த பிள்ளைகள் பின்னேரம் தாயிடம் போகிறவர்கள், அதனால் அவ்வளவு பயம் வேண்டாம். படங்களைப் பற்றித்தான் கேட்கிறேன், தாய் தகப்பனைக் கேட்டா எடுத்தீர்கள்? பேஸ்புக்கில் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அடுத்த முறை பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக நிற்கக்கூடாது என்று முதலே சொல்லிவையுங்கள், ஏதும் சந்தேகம் என்றால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், எல்லார் போனிலும் இருக்கட்டும்.

பின்வரிசை:
வேதாகமத்தில் பவுல் தெசலோனிக்கே பட்டணத்துக்கு ஊழியத்துக்குப் போனபோது எவ்வளவு காலம் இருந்தார்? அப்போஸ்தலர் 17இல் மூன்று ஓய்வுநாள் என்றுதான் இருக்கிறது (கூட இருந்திருப்பார் என்று வாதாடுகிறவர்களும் உண்டு, அது வேறு சண்டை). திரும்பப் போகப் பார்த்தார், முடியவில்லை. சும்மா இருந்தாரா? தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவை அனுப்பினார், அவர் வந்து சொன்ன செய்தியைக் கேட்டுவிட்டுக் கடிதம் எழுதினார். ஐந்து நாள் போய் வருவதில் பிழையே இல்லை. உங்கள் சபைதான் தீமோத்தேயுவை அனுப்பாமல் 14 டீசேர்ட் அடித்திருக்கும், சரியா? அந்தக் காசு அந்த டீச்சருக்கு எத்தனை மாத பஸ் காசு என்று கணக்குப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரி:
டீசேர்ட் அடித்தது உண்மைதான், பச்சை நிறம், முதுகில் வசனம். அன்ரி, படங்களை எடுத்தாகிவிட்டது, சபைப் பக்கத்தில் இருப்பதையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், பாஸ்டருக்குக் கொஞ்சம் மனவருத்தம். அங்குள்ள டீச்சரின் நம்பரைத் தேடி எடுத்து நேற்று இரவு பேசினேன், அவர் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் போனைக் கொடுத்தார். கிறிஸ்மஸுக்கு வர முடியாது, லீவு இல்லை என்று நேரடியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சரிக்கா, அப்ப அந்தப் பச்ச சட்டையையாவது அனுப்புவீங்களா" என்று கேட்டது. டீச்சரிடம் தோட்டத்து ஆபீஸ் விலாசம் வாங்கிவிட்டேன், நாளைக்கு வேலைக்குப் போகிற வழியில் தபால் கந்தோரில் போடுகிறேன். எனது சைஸ் அதற்கு முழங்கால்வரை வரும்.