திருவள்ளூர் ரயில் நிலையம்: வரலாறும் அன்றாடப் பயணமும் குறித்துச் சில ஐயங்கள்

கேள்வி: மணவாள நகர் புதுக்குடி

அனைவருக்கும் வணக்கம். பணி மாறுதலால் அண்மையில் மணவாள நகரில் குடியேறியிருக்கிறோம். எனக்கு அலுவலகம் பெரம்பூரில். என் மனைவிக்குச் சேப்பாக்கத்தில். இருவரும் நாள்தோறும் மின்சார ரயிலில்தான் சென்று திரும்ப வேண்டும். மாதச் சீசன் டிக்கெட், விரைவு லோக்கல், மாறிச் செல்லும் வழி ஆகியவற்றைப் பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இன்னொன்றையும் அறிய விரும்புகிறேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திருவள்ளூர் வழியாகத்தான் சென்றது என்கிறார்கள். அது உண்மையா? உண்மையானால், அவ்வளவு பழைய பாதைக்கு மின்சார ரயில் ஏன் தாம்பரம் பாதையைவிடப் பல காலம் கழித்து வந்தது?

பதில் 1: பழைய இருப்புப்பாதை

வணக்கம் ஐயா. நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். மதராஸ் ரயில்வே நிறுவனம் 1853-இல் வேலையைத் தொடங்கி, இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்த பாதை, 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபுவால் இராயபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்டு, ஜூலை 1 முதல் பொதுமக்கள் பயணத்துக்குத் திறக்கப்பட்டது. பம்பாய்–தாணே பாதை 1853-இலும் ஹௌரா–ஹூக்ளி பாதை 1854-இலும் திறக்கப்பட்டிருந்ததால், பயணிகள் ரயிலில் நாட்டளவில் நமக்கு மூன்றாம் இடம். ஆனால் சாலைக்கான கற்களை ஏற்றிவர 1837-லேயே செங்குன்றத்தில் ஓர் இருப்புப்பாதை இயங்கியது என்பதும், அந்தச் செங்குன்றம் இன்று திருவள்ளூர் மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது என்பதும் இம்மாவட்டத்தார் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டிய செய்திகள்.

திருவள்ளூர் வழியாகச் சென்ற அந்தப் பாதையின் நோக்கம் இவ்வூரைச் சென்னையோடு இணைப்பதல்ல. மேற்குக் கரையை எட்டுவது. 1862-இல் அது கோழிக்கோட்டை அடுத்த பேப்பூர் வரை முழுமையடைந்தது. அரக்கோணத்தில் பிரிந்த வடமேற்குக் கிளை 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. ஆகவே தொடக்கத்திலிருந்தே நம் நிலையம் ஒரு நெடுந்தூர முதன்மைப் பாதையின் மேல் அமைந்த சிற்றூர் நிலையம். இதன் வசதிகளுக்கும் இடர்களுக்கும் இந்த ஒன்றே காரணம் என்பது என் கருத்து.

மின்மயமாக்கல் தாமதத்தையும் இதை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். 1931-இல் மின்மயமான கடற்கரை–தாம்பரம் பாதை மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி குறைவான பாதை. புறநகரப் பயணிகளை மனத்தில் கொண்டே அது திட்டமிடப்பட்டது. நம்முடையதோ அகலப்பாதை, வெளியூர் ரயில்களும் சரக்கு ரயில்களும் நீராவியிலும் பிறகு டீசலிலும் ஓடிய தடம். சென்னை சென்ட்ரல்–திருவள்ளூர் பகுதிக்கு மின்சாரம் வந்தது 1979-இல்தான்.

இடைப்பட்ட காலத்தில் பாதையோரம் முழுவதும் மாறிவிட்டது. பெரம்பூரில் ரயில்வே பணிமனைகள் முன்பே இருந்தன, 1955-இல் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., 1961-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அதன்பின் அம்பத்தூர் தொழிற்பேட்டை என வேலைவாய்ப்புகள் வரிசையாக இப்பாதையில் அமைந்தன. ‘பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்’, ‘பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ்’ என்று நிலையங்களுக்கே பணிமனைகளின் பெயர் இருப்பதைப் போகும்போது பாருங்கள். 42 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோயில் ஊரைத் தினசரிப் பயணிகளின் ஊராக்கியவை இந்தத் தொழிற்கூடங்களே.

பதில் 2: கடம்பத்தூர் பயணி

வரலாற்றை மேலே உள்ளவர் நன்றாகச் சொல்லிவிட்டார். பயணத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

திருவள்ளூரில் புறப்படும் லோக்கல்களும் உண்டு. அரக்கோணம், திருத்தணி பக்கமிருந்து வருபவையும் உண்டு. காலையில் உட்கார்ந்து செல்ல வேண்டுமானால் இங்கிருந்தே புறப்படும் வண்டியைப் பிடியுங்கள். அரக்கோணம் வண்டி கடம்பத்தூரில் எங்களை ஏற்றிக்கொள்ளும்போதே பெரும்பாலும் நிறைந்திருக்கும். எல்லா நிலையங்களிலும் நிற்கும் லோக்கல், சென்ட்ரலின் புறநகர் முனையமான மூர்மார்க்கெட் வளாகத்தை அடைய ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகும். விரைவு லோக்கல் சற்று முன்னதாகச் சென்றுவிடும். ஆனால் ஒவ்வொரு விரைவு லோக்கலும் எங்கெங்கே நிற்கும் என்பது வேறுபடுவதால், பெரம்பூரில் நிற்குமா என்று அட்டவணையில் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

உங்கள் மனைவிக்கு, வேளச்சேரி வரை செல்லும் லோக்கல் நேரத்துக்குக் கிடைத்தால் சேப்பாக்கத்தில் நேராக இறங்கிவிடலாம். இல்லையென்றால் மூர்மார்க்கெட்டில் இறங்கி, சாலையைக் கடந்து பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறலாம். எந்த வழியாகச் செல்கிறார் என்பதைக் கவுண்டரில் தெளிவாகச் சொல்லிச் சீசன் வாங்குவது நல்லது.

இரண்டாம் வகுப்பு மாதச் சீசனின் கட்டணம் ஏறத்தாழ பதினைந்து ஒருவழிப் பயணங்களுக்கானது. மூன்று மாதத்துக்கு ஒரேயடியாக எடுத்தால், மாதாமாதம் மூன்று முறை எடுப்பதைவிடக் குறைவு. கைப்பேசிச் செயலியிலும் எடுக்கலாம். சீசன் கையில் இருக்கிறது என்பதற்காக, இங்கு நிற்கும் எக்ஸ்பிரஸ் வண்டிகளின் முன்பதிவுப் பெட்டிகளில் ஏறிவிடாதீர்கள்; அபராதம் கட்ட நேரிடும்.

பதில் 3: தேரடி

ஒரு கூடுதல் செய்தி. அமாவாசை நாள்களை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்து வேண்டிக்கொள்வதற்காக முதல்நாள் மாலையிலிருந்தே குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். தை அமாவாசையன்று கூட்டம் மேலும் பெருகும். வெல்லப் பொட்டலமும் தூக்குச் சட்டியுமாகப் பாட்டிமார்கள் நடைமேம்பாலத்தில் மெல்ல ஏறிக்கொண்டிருப்பார்கள்; அலுவலகம் செல்பவர்கள் அன்று பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி, அவர்களுக்கு வழிவிட்டுச் செல்ல வேண்டும்.

தொழிற்கூடங்களே இவ்வூரைப் பயணிகளின் ஊராக்கின என்ற கருத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. பூண்டி, ஊத்துக்கோட்டை வட்டாரங்களிலிருந்து பேருந்தில் வந்து இங்கே ரயிலேறும் மக்களும், கீரைக்கட்டும் பூக்கூடையுமாக முதல் வண்டியில் செல்லும் பெண்களும், 1997-இல் தனி மாவட்டமான பிறகு எதிர்த்திசையில் சென்னையிலிருந்து இங்கு வேலைக்கு வரும் அரசு ஊழியர்களும் இந்த நிலையத்தின் பயணிகளே.

மணவாள நகர் புதுக்குடி

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரே ஓர் ஐயம். நான்கு தடங்கள் இருந்தும் மாலை நேரத்தில் லோக்கல்கள் சிக்னலுக்காக நிற்கின்றனவே, ஏன்?

பதில் 4: பழைய இருப்புப்பாதை

தடங்கள் தனித்தனியாக இருந்தாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வண்டிகள் மாறும் இடங்கள் பொதுவானவை. பெங்களூரு, கோவை, மும்பை வண்டிகளும் சரக்கு ரயில்களும் இதே வழியில் செல்வதால், ஓர் இடத்தில் ஏற்படும் தாமதம் பின்னால் வரும் வண்டிகளையும் பிடித்துக்கொள்கிறது. 2025 ஜூலை 13 அன்று இவ்வூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தீப்பற்றியபோது லோக்கல்களும் வெளியூர் வண்டிகளும் ஒருசேர முடங்கியதை இங்குள்ள பலர் நேரில் கண்டிருப்பார்கள்.

ரயில் நிலையங்களை மேம்படுத்தும் அம்ருத் பாரத் திட்டத்தில் நம் நிலையமும் சேர்க்கப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் முகப்பு அழகைவிட, நெரிசல் நேரத்தில் இங்கிருந்தே புறப்படும் வண்டிகள் கூடுவதுதான் பயணிகளுக்கு உடனடித் தேவை. பயணிகள் சங்கங்கள் மனு கொடுக்கும்போது இதை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும். நீங்களும் கையெழுத்திட வாருங்கள்.